பார்த்து வரைதல் குற்றமா?

பிள்ளைகள் படம் வரைவதைக் கூர்ந்து நோக்கிய பெற்றோர் யாவரும் ஒரு மாறுதலைக் கண்டிருப்பர். மூன்று, நான்கு வயதில் குழந்தைக்குத் தயக்கம் என்பதே இல்லை. சுவர், தரை, கணக்கு நோட்டு, திருமண அழைப்பிதழின் பின்புறம் என்று கைக்கு எட்டிய இடமெல்லாம் அதற்குச் சித்திரக்கூடம்தான். ஒரு வட்டமும் இரண்டு கோடுகளும் போட்டுவிட்டு, "இது அப்பா" என்று அது பெருமையோடு காட்டுகிறது. அதே பிள்ளை ஒன்பது, பத்து வயதை எட்டியதும் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது. "எனக்கு வரைய வராது" என்கிறது. பலர் அன்று கீழே வைத்த பென்சிலைப் பின்னர் வாழ்நாள் முழுவதும் எடுப்பதே இல்லை.

இதற்குக் காரணம் சோம்பலன்று. திறமைக் குறைவும் அன்று. அந்த வயதில் பிள்ளையின் கண் வளர்ந்துவிடுகிறது. கை அதனோடு சேர்ந்து வளரவில்லை. தான் வரைந்த குதிரை குதிரையைப் போல் இல்லை என்பதைக் கண் சொல்கிறது. அதை எவ்வாறு திருத்துவது என்பதைக் கைக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. வெட்கம் வந்து சேர்கிறது. வெட்கம் வந்த இடத்தில் விளையாட்டு நின்றுவிடுகிறது.

இந்நிலையில் பிள்ளையின் முன் ஒரு நல்ல ஓவியத்தை வைத்து, "இதைப் பார்த்து வரைந்து பழகு" என்று சொல்வது நன்றா, தீதா? 'பார்த்து வரைவது காப்பி அடிப்பதாகும். அது பிள்ளையின் கற்பனையைக் கொன்றுவிடும்' என்பர் ஒரு சாரார். 'முன்மாதிரி இன்றி எந்தக் கலையும் கைவராது. பாட்டுக் கற்பவன் குருவின் குரலைப் பின்பற்றிப் பாடவில்லையா?' என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கை நம்மைக் காட்டிலும் நெடுங்காலமாக ஆராய்ந்து, இரு பக்கங்களிலும் எல்லைவரை சென்று பார்த்த நாடு ஒன்று உண்டு. அது ஜப்பான். அந்நாட்டின் அனுபவத்தைச் சற்றே விரிவாக நோக்கினால், நம் இல்லங்களில் செய்ய வேண்டியது என்ன என்பது தெளிவாகும்.

கானோ பட்டறையில்

பதினைந்தாம் நூற்றாண்டில் கானோ மசநோபு என்னும் ஓவியர் ஒரு பரம்பரையைத் தோற்றுவித்தார். அவருடைய மக்களும், பேரர்களும், மாணவர்களுமாக அப்பரம்பரை ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஜப்பானிய ஆட்சியாளர்களின் கோட்டைகளையும் மடாலயங்களையும் ஓவியங்களால் அணி செய்தது. இத்துணை நீண்ட காலம் ஒரு கலைமரபு தளராமல் நின்றதன் இரகசியம் யாது? மாதிரிப் படங்களைப் பார்த்து வரைவிக்கும் பயிற்சியே.

கானோ பட்டறைகளில் 'ஃபுன்போன்' எனப்படும் மாதிரிப் படங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. பழைய மேதைகளின் ஓவியங்களிலிருந்து எடுக்கப்பட்ட பிரதிகள் அவை. புதிதாகச் சேர்ந்த மாணவன் முதலில் எளிய படங்களையும், பின்னர் மலை, நீர், மனிதர், பறவை, மலர் ஆகியவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து வரைவான். ஒரு தொகுதி நன்றாக அமைந்த பின்னரே அடுத்த தொகுதி கையில் கொடுக்கப்படும். முழுப் பயிற்சியும் முடியப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இவ்வழிக்கு ஒரு கொள்கையும் வகுத்தனர். கானோ யாசுநோபு என்பவர் 1680ஆம் ஆண்டில் எழுதிய நூலில் ஓவியத்தை இரண்டாகப் பிரித்தார்: பிறவித் திறமையால் தீட்டுவது ஒன்று, கற்றுத் தீட்டுவது மற்றொன்று. பிறவித் திறமை உயர்ந்ததாயினும் அது அவனோடு மடிந்துபோகும். கற்ற ஓவியமோ தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வாழும். ஆதலால் பின்னதையே அவர் போற்றினார்.

அந்நாட்டினர் கையாண்ட ஒரு பயிற்சி முறை நம் கவனத்திற்கு உரியது. மூல ஓவியத்தின் மீது மெல்லிய தாளை விரித்து, அதன் மேல் விளிம்பை அசையாது வைத்து, கீழ்ப்பகுதியை ஒரு கோலில் சுருட்டிக்கொள்வர். தாளை மேலே சுருட்டினால் மூலம் தெரியும். கீழே விரித்தால் வெற்றுத் தாள் தெரியும். மாணவன் தாளைச் சுருட்டி மூலத்தை ஒரு கணம் பார்ப்பான். உடனே விரித்து, கண்ணில் தங்கிய உருவத்தை மறையுமுன் வரைவான். மீண்டும் சுருட்டிப் பார்ப்பான். ஒட்டுத்தாளில் கோட்டின் மேல் கோடு இழுக்கும் வேலையன்று இது. இங்கே கைக்கு முன்னதாகக் கண்ணும் நினைவும் உழைக்கின்றன. ஒரு கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே தடிக்கிறது, எங்கே மெலிந்து மறைகிறது என்பதை மனத்தில் வாங்காமல் இம்முறையில் ஒரு புல்லைக்கூட வரைய முடியாது.

ஓர் ஓவியம், மூன்று கைகள்

பார்த்து வரைவதால் சொந்தக் கற்பனை அழியும் என்று அஞ்சுவோருக்கு ஜப்பானியக் கலை வரலாறு ஓர் அழகிய விடையை வைத்திருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் தவராயா சோதாட்சு என்பவர் காற்றுத் தேவனையும் இடித் தேவனையும் இரண்டு மடிப்புத் தட்டிகளில் தங்கப் பின்னணியில் தீட்டினார். கியோட்டோ நகரின் கென்னின்ஜி மடாலயத்துக்கு உரிய ஓவியம் அது. ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின் ஒகாடா கோரின் (1658–1716) அதைப் பார்த்து, உருவம் பிசகாமல் மீண்டும் தீட்டினார். மேலும் நூறாண்டு கழித்து சக்காய் ஹோயிட்சு (1761–1829), கோரினின் பிரதியைப் பார்த்து மூன்றாம் முறையாகத் தீட்டினார்.

கதை அதோடு முடியவில்லை. கோரினுடைய தட்டியின் பின்புறத்தில் ஹோயிட்சு தம் சொந்த ஓவியம் ஒன்றையும் தீட்டினார். இடித் தேவன் இருக்கும் பக்கத்தின் பின்னே, மழையில் நனைந்து தலை சாய்ந்த கோடைக்காலப் புற்களும் பெருகி ஓடும் நீரும்; காற்றுத் தேவனின் பின்னே, காற்றில் வளைந்து நடுங்கும் இலையுதிர்காலச் செடிகள். முன்புறத்தில் விண்ணகத்து ஆற்றல். பின்புறத்தில் அதனை ஏற்கும் மண்ணின் எளிய புல். முன்புறம் தங்கம், பின்புறம் வெள்ளி. 'கோடைக்கால, இலையுதிர்காலப் புற்கள்' என்னும் அவ்வோவியம் இன்று ஜப்பானியக் கலையின் சிகரங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. முன்னோரின் படத்தைப் பொறுமையாகப் பார்த்து வரைந்த அதே கைதான், யாரும் நினைத்திராத புதிய படத்தையும் அதன் முதுகில் தீட்டியது.

ஹொக்குசாயின் பாடப் புத்தகங்கள்

ஜப்பானிய ஓவியம் என்றதும் உலகோர் நினைவுக்கு வருவது 'பேரலை'. அதைப் படைத்தவர் கத்சுஷிக்கா ஹொக்குசாய் (1760–1849). தாம் ஆறு வயது முதலே பொருள்களைப் பார்த்து வரைந்து வந்ததாக அவரே முதுமையில் எழுதியிருக்கிறார். பேரலையைத் தீட்டும்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது.

பலரும் அறியாத செய்தி, அவர் சிறந்த ஆசிரியராகவும் விளங்கினார் என்பது. ஊர் ஊராகப் பரவியிருந்த மாணவர்கள் அனைவரையும் நேரில் சந்தித்துக் கற்பிக்க இயலாமையால், பார்த்து வரைவதற்கென்றே மாதிரிப் புத்தகங்களை அச்சிட்டு வெளியிட்டார். 1812இல் வெளிவந்த ஒரு நூலில், வட்டத்தையும் கோட்டையும் கொண்டே பறவை, விலங்கு, மனிதர் ஆகியோரின் உருவங்களை அமைக்கும் வழியைக் காட்டினார். 1814இல் 'மாங்கா' என்னும் தொகுதியின் முதற்புத்தகம் வந்தது. மீன் விற்போர், குளிப்போர், மழையில் குடை பிடித்து ஓடுவோர், பூச்சிகள், பாலங்கள், பருத்த மல்லர், மெலிந்த துறவியர் என்று உலகம் முழுவதையும் அதில் அள்ளி வைத்தார். அவர் மறைவுக்குப் பின்னும் தொடர்ந்து வெளிவந்து, 1878இல் பதினைந்தாம் புத்தகத்துடன் அத்தொகுதி நிறைவு பெற்றது. பார்த்து வரையப் பழகுவோருக்கென ஆக்கப்பட்ட இப்புத்தகங்களே பின்னர் ஐரோப்பாவின் ஓவியர்களை மயக்கின.

வின்சென்ட் வான்கோ அவர்களுள் ஒருவர். 1887இல் பாரிஸ் நகரில் இருந்தபோது, ஹிரோஷிகே என்பவரின் இரண்டு அச்சுப் படங்களை எண்ணெய் வண்ணத்தில் அப்படியே தீட்டினார். ஒன்று பிளம் மரத் தோட்டம். மற்றொன்று திடீர் மழையில் பாலத்தைக் கடக்கும் மக்கள். அவர் கட்டம் போட்டு எடுத்துக்கொண்ட பிரதி இன்றும் ஆம்ஸ்டர்டாம் நகரில் பாதுகாக்கப்படுகிறது. தமக்கு வாசிக்கத் தெரியாத ஜப்பானிய எழுத்துகளையும் படத்தின் விளிம்பில் பார்த்து எழுதினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. 'பார்த்து வரைவது சிறுபிள்ளை வேலை' என்று அம்மேதை வெட்கப்படவில்லை.

சவேரியாரின் திருவுருவம்

இவ்வரலாற்றில் கத்தோலிக்கராகிய நமக்கு நெருக்கமான ஓர் ஏடும் உண்டு. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய நம் புனித பிரான்சிஸ் சவேரியார் 1549ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், தேவதாயின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, ஜப்பானின் ககோஷிமா துறையில் கால் வைத்தார். அவருக்குப் பின் 1583இல் ஜியோவான்னி நிக்கோலோ என்னும் இத்தாலியச் சேசு சபைத் துறவி அங்கு வந்து சேர்ந்தார். ஓவியரான அவர் ஜப்பானிய இளைஞர்களுக்கு ஓர் ஓவியப் பள்ளியை நடத்தினார். ஐரோப்பாவிலிருந்து கொணர்ந்த திருப்படங்களையும் செப்புத்தகட்டு அச்சுப்படங்களையும் பார்த்து வரைவதே அங்கு முதன்மைப் பாடம். மாணவர் தீட்டிய படங்களின் நேர்த்தியை அக்காலச் சேசு சபையினரின் கடிதங்கள் வியந்து பேசுகின்றன.

1614இல் மறைபரப்பாளர் நாடு கடத்தப்பட்டபோது பள்ளி மக்காவுக்குப் பெயர்ந்தது. பின்வந்த கொடிய வேதகலாபனையில் அப்படங்களுள் பெரும்பாலானவை அழிந்தன. ஆயினும் 1920இல், ஒசாக்காவுக்கு அருகில் இபராக்கி மலைப்பகுதியில் மறைவாக விசுவாசத்தைக் காத்து வந்தவர்களின் வழித்தோன்றல் ஒருவர் இல்லத்தில், பெட்டியொன்றினுள் பதுக்கி வைத்திருந்த ஓர் ஓவியம் வெளிவந்தது. கைகளை மார்பில் குறுக்காக வைத்து, கொழுந்துவிட்டெரியும் இதயத்தோடு, சிலுவையை அண்ணாந்து நோக்கும் சவேரியார்! பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு ஜப்பானிய ஓவியர், ஐரோப்பிய மாதிரியைத் தழுவித் தீட்டியது அது. இன்று கோபே நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. நூல்களில் நாம் அடிக்கடி காணும் சவேரியார் படம் இதுவே. பார்த்து வரையப்பட்ட படந்தானே என்று அதை யாரும் தள்ளிவிடவில்லை. மூன்று நூற்றாண்டுகள் உயிரைப் பணயம் வைத்து அதைக் காத்தனர்.

எதிர்க்குரல்

இனி மறுபக்கத்தையும் நேர்மையோடு கேட்போம். கானோ முறை நாளடைவில் இறுகிப்போனது. மாதிரியின் மாதிரியையே பார்த்து வரைந்தவர்கள், சன்னலுக்கு வெளியே நின்ற உண்மையான மரத்தைப் பார்க்க மறந்தனர். பிற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே நேர்ந்தது. 1872இல் ஜப்பானில் புதிய கல்வித் திட்டம் வந்த பின்னர், சித்திர வகுப்பு என்றால் பாடப்புத்தகத்தில் உள்ள படத்தைப் பிசகின்றிப் பெயர்த்து எழுதுவது என்றே ஆயிற்று. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பதும் ஒரே படம்.

யாமாமோட்டோ கனாயே (1882–1946) என்னும் ஓவியர் இதை எதிர்த்து எழுந்தார். ஐரோப்பாவிலிருந்து தாயகம் திரும்பும் வழியில், 1916இல் ரஷ்யாவில் அவர் குழந்தைகளின் ஓவியங்களைக் கண்டார். பிறர் படத்தைப் பாராமல், தாங்கள் கண்டதையும் உணர்ந்ததையும் அச்சமின்றித் தீட்டிய படங்கள் அவை. 1919இல் நாகானோ மாவட்டத்தின் ஒரு தொடக்கப்பள்ளியில் 'சுதந்திர ஓவியக்' கண்காட்சியை நடத்தினார். அவ்வியக்கம் நாடெங்கும் பரவிற்று. குழந்தையைப் புத்தகத்திலிருந்து விடுவித்து வயல்வெளிக்கு அழைத்துச் செல்லுங்கள் என்பது அவர் வேண்டுகோள். இன்று பிள்ளைகள் விரும்பிப் பயன்படுத்தும் எண்ணெய்ப் பசைக் குச்சி, அதாவது ஆயில் பேஸ்டல், 1925இல் ஜப்பானில் உருவானதற்கும் அவருடைய தூண்டுதலே காரணம்.

யாமாமோட்டோ கூறியதில் பேருண்மை உண்டு. பார்த்து வரைவதிலேயே நின்றுவிடும் பிள்ளை, பிறர் வார்த்தைகளையே திருப்பிச் சொல்லி, தன் நெஞ்சைத் திறக்கக் கல்லாத பிள்ளைக்கு ஒப்பாகும். ஆனால் முன்மாதிரியே கூடாது என்று விலக்கிவிட்டால், நாம் தொடக்கத்தில் கண்ட பத்து வயதுப் பிள்ளையின் துயரத்துக்கு யார் மருந்து தருவது? கண் வளர்ந்து கை தயங்கும் வேளையில், "உன் மனம்போல் வரை" என்று சொல்வது, நீந்தத் தெரியாதவனைப் பார்த்து, "உன் விருப்பம்போல் நீந்து" என்று சொல்வதற்கு நிகராகாதா?

மூன்று படிகள்

இவ்விரு கரைகளுக்கும் நடுவே ஒரு பாலம் இருந்தது. 1889இல் டோக்கியோ நுண்கலைப் பள்ளி திறக்கப்பட்டது. ஒக்காகுரா தென்ஷின் அதன் வழிகாட்டி. கானோ பட்டறையில் பயின்று வளர்ந்த ஹாஷிமோட்டோ கஹோ அங்குப் பேராசிரியர். அங்கே பயிற்சியை மூன்றாக வகுத்தனர். முதலாவது, முன்னோர் படைப்பைப் பார்த்து வரைதல். இரண்டாவது, இயற்கையை நேரில் கண்டு வரைதல். மூன்றாவது, தன் சிந்தையில் எழுவதைப் புதிதாய்ப் படைத்தல். ஒன்று மற்றொன்றுக்குப் பகையாகாது. ஒன்றன் தோளில் மற்றொன்று ஏறி நிற்கிறது.

இப்பள்ளியின் பயன் நம் மண்ணையும் எட்டியது. கஹோவின் மாணவர்களான யோக்கோயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் 1903இல் கல்கத்தா வந்தனர். அவர்கள் நீரையும் வண்ணத்தையும் கையாண்ட விதத்தை அருகிருந்து கண்ட அவனீந்திரநாத் தாகூர், தாளை நீரில் நனைத்து மென்மையாய் வண்ணம் படியச் செய்யும் முறையைத் தமக்கென அமைத்துக்கொண்டார். அவருடைய மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மெரினா கடற்கரையின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவரே. கானோ பட்டறையில் தொடங்கிய ஒரு நூல் எத்தனை கைகளைக் கடந்து சென்னை வந்து சேர்ந்தது, பாருங்கள்! ஒவ்வொரு கையும் பெற்றது. ஒவ்வொரு கையும் தன் பங்கைச் சேர்த்தே கொடுத்தது.

அண்மைக் கால ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. ஜப்பானிய அறிஞர்களான ஒக்காடாவும் இஷிபாஷியும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்குப் பழக்கமில்லாத பாணியில் அமைந்த ஓவியத்தைப் பார்த்து வரைந்தவர்கள், பின்னர் சொந்தமாக வரைந்தபோது, பாராதவர்களைக் காட்டிலும் புதுமையாக வரைந்தனர் என்று கண்டனர். அவ்வாய்வில் பங்கு பெற்றவர்கள் கல்லூரி மாணவர்களே. ஆதலால் சிறு பிள்ளைகளுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. ஆயினும், பழக்கமில்லாத பாணி பழைய தடத்திலிருந்து நம்மை விலக்கிப் புதிய வழியைக் காட்டும் என்பது சிந்திக்கத்தக்கது. பிள்ளைகளுக்கு ஜப்பானிய ஓவியம் பயன்படுவதன் காரணமும் இதுதான். அதில் நிழல் காட்டும் சிக்கல் குறைவு; கோடு தெளிவு; வண்ணங்கள் சில; வெற்றிடம் மிகுதி. பிள்ளையின் கைக்கு எட்டும் எளிமை. அதே வேளையில் ஆயுள் முழுதும் பார்த்தாலும் தீராத ஆழம்.

இல்லத்தில் செய்யும் முறை

ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இதில் ஈடுபடுத்த வேண்டுவதில்லை; அவர்கள் கிறுக்கி மகிழட்டும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, அதுவும் விருப்பம் உள்ளபோது மட்டும், மாதம் ஒரு படம் போதும். ஒரு தூரிகை, கறுப்பு மசி, சாதாரண நீர்வண்ணப் பெட்டி, வரைதாள், பழைய செய்தித்தாள், ஒரு கிண்ணம் நீர் ஆகியவையே தேவையானவை. படங்களுக்குப் பஞ்சமில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல், உரிமைக் காலம் கடந்த தன் படைப்புகளின் படங்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த அனுமதித்துள்ளது. பேரலையின் பிரதியும் அவற்றுள் உண்டு.

முதற்பாடத்துக்கு ஏற்றது, கியோட்டோவின் கோசான்ஜி மடாலயத்துக்கு உரிய விலங்கு விளையாட்டுச் சுருள். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் கறுப்பு மசியால் மட்டும் தீட்டப்பட்டது. முயலும் தவளையும் குரங்கும் மனிதரைப்போல் நீராடுகின்றன, வில் எய்கின்றன, மற்போர் புரிகின்றன. ஓரிடத்தில் தவளை ஒன்று முயலைத் தூக்கி மல்லாக்க வீழ்த்திவிட்டு நிற்கிறது. அதன் வாயிலிருந்து வெற்றி மூச்சு கோடுகளாகப் புறப்படுகிறது. பக்கத்தில் மற்றத் தவளைகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. எந்தப் பிள்ளைதான் இதைப் பார்த்துச் சிரிக்காது? முதலில் செய்தித்தாளில் தூரிகையால் தடித்த கோடு, மெலிந்த கோடு என்று இழுத்துப் பழகட்டும். பின்னர் ஒரே ஒரு தவளையை வரையட்டும். அழிப்பான் வேண்டாம். பிசகினால் இன்னொரு தவளை, தாளுக்கா பஞ்சம்?

அடுத்தது பேரலை. தூரிகையைத் தொடும் முன் ஐந்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். கேள்விகள் கேளுங்கள். படகுகள் எத்தனை? மூன்று. படகோட்டிகள் என்ன செய்கிறார்கள்? துடுப்பைப் பற்றிக் குனிந்து கிடக்கிறார்கள். மலை எங்கே? அலைகளின் நடுவே, மிகச் சிறியதாய். 3,776 மீட்டர் உயரமுள்ள ஃபூஜி மலையை, ஓவியர் அலையின் அடியில் ஒரு சிறு கூம்பாக அடக்கிவிட்டார்! பெரும்பாலான பிள்ளைகள் மலையைப் பெரிதாகவே வரைந்துவிடுவர். திட்ட வேண்டாம். "உன் மலையையும் அவர் மலையையும் பக்கத்தில் வைத்துப் பார். எந்தப் படத்தில் அலை அதிகம் பயமுறுத்துகிறது?" என்று மட்டும் கேளுங்கள். சிறியதைச் சிறியதாக வைத்தால்தான் பெரியது பெரியதாகும் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். தானாகக் கண்டது மறவாது.

வண்ணம் தீட்டும்போது மற்றொரு பாடம் காத்திருக்கிறது. அலையின் நுரைக்கு வெள்ளை வண்ணம் பூசப்படவில்லை; வெறும் தாளே நுரையாக நிற்கிறது. நீலம் மட்டும் அடர்ந்தும் வெளிறியும் வருகிறது. அந்த நீலம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் கண்டுபிடிக்கப்பட்டு, கப்பலேறி ஜப்பானுக்கு வந்தது. எங்கே பூசுவது என்பதைக் காட்டிலும், எங்கே பூசாமல் விடுவது என்பதே கலையில் கடினமான பாடம். வாழ்க்கையிலும் அப்படித்தான் அல்லவா?

ஒரு படம் முடிந்ததும் அதோடு நின்றுவிடக் கூடாது. டோக்கியோ பள்ளியின் மூன்று படிகளை மறவாதீர்கள். தவளையைப் பார்த்து வரைந்த பிள்ளை, மறுவாரம் கிணற்றடியில் உட்காரும் உண்மைத் தவளையையோ, சுவரில் ஓடும் அணிலையோ நேரில் கண்டு அதே தூரிகையால் வரையட்டும். அதற்கடுத்த வாரம், அவ்விலங்குகளைக் கொண்டு தானே ஒரு கதை புனைந்து தீட்டட்டும். மூன்றாவது படிக்கு அழைத்துச் செல்லாத முதல் படி வீண்.

பெயர் சொல்லும் நேர்மை

நிறைவாக, பெற்றோர் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கீழ்த்திசை ஓவியர்கள் முன்னோர் படத்தைத் தழுவி வரைந்தால், 'இன்னாரைப் பின்பற்றியது' என்று படத்திலேயே எழுதும் வழக்கம் உடையவர்கள். சீனா சென்று 1469இல் திரும்பிய ஜப்பானிய மேதை செஷ்ஷூ, சீன ஓவியர்களைத் தழுவித் தீட்டிய சிறு படங்களில் அவ்வோவியர்களின் பெயரைக் குறித்தார். தம் பெயரையும் குறித்தார். பெயர் சொன்னதால் அவர் புகழ் குறையவில்லை.

நம் பிள்ளைகளும் படத்தின் கீழே, 'ஹொக்குசாயைப் பார்த்து வரைந்தது' என்று எழுதிப் பின் தம் பெயரை இடட்டும். அவ்வாறு எழுதிய படம் பயிற்சி. எழுதாமல் போட்டிக்கு அனுப்பிய படம் களவு. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு வரி எழுத்துதான். ஆனால் அந்த ஒரு வரியில் பிள்ளையின் குணம் உருவாகிறது. பரிசுக்கு ஆசைப்பட்டு, பார்த்து வரைந்ததைச் சொந்தக் கற்பனை என்று காட்டப் பெற்றோரே தூண்டுவதும், பிள்ளையின் படத்தைப் பெரியவர்கள் திருத்திக் கொடுப்பதும் ஆங்காங்கே நடக்கின்றன. அதனால் பிள்ளை ஒரு கோப்பையைப் பெறலாம். தன் கை மீதுள்ள நம்பிக்கையை இழந்துவிடும். "அம்மா திருத்தியதால்தான் நன்றாக இருக்கிறது" என்று அதன் உள்ளம் அறியும்.

செஷ்ஷூவைப் பற்றி ஜப்பானிய அன்னையர் சொல்லும் ஒரு பழங்கதை உண்டு. மடாலயத்தில் சிறுவனாக இருந்தபோது, பாடத்தைக் கவனியாமல் படம் வரைந்த குற்றத்துக்காக அவரைத் தூணில் கட்டிவைத்தாராம் குரு. மாலையில் வந்து பார்த்தபோது சிறுவனின் காலடியில் ஒரு எலி! விரட்டப் போனார், அது அசையவில்லை. தரையில் சிந்திய கண்ணீரைத் தொட்டுக் கால் விரலால் சிறுவன் வரைந்த எலி அது. குரு அன்றே கட்டை அவிழ்த்தார். அதன்பின் அவனை வரைய வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

கதை மெய்யோ, புனைவோ. அதன் கருத்து மெய். வரையும் ஆசை பிள்ளைக்கு ஆண்டவன் கொடுத்தது. அதை நாம் உண்டாக்க வேண்டியதில்லை. கை தயங்கி நிற்கும் வயதில் ஒரு நல்ல படத்தை முன்னே வைத்து, பக்கத்தில் அமர்ந்து, "பார், பிறகு வரை, பிறகு உன்னுடையதை வரை" என்று சொல்வதே நம் கடமை. இம்மாதம் ஒரு மாலைப்பொழுதில் வீட்டில் ஒரு தவளையும் ஒரு முயலும் மற்போர் புரியட்டும். பிள்ளை கீழே வைத்த பென்சிலை மீண்டும் எடுக்கும்.